மூன்று மில்லிமீட்டர்

திங்கட்கிழமை காலையில் எடைதூக்கும் பையன் ஷெமோவித்.
முதுகு முழுக்க முடிச்சு.
முழங்கையை ஊன்றி, உடம்பைச் சாய்த்து
மெல்ல உழுதுகொண்டு போவேன்.
"செத்தேன்" என்பான்.
எழுந்ததும் தோளைச் சுழற்றிப் பார்த்து
கடன் தீர்ந்தவன்போலச் சிரிப்பான்.

பத்து மணிக்கு கலீனாவின் கைக்குழந்தை.
கடிகாரம் சுற்றும் திசையில்
வயிற்றின்மேல் இரண்டு விரல்.
வாயு பிரிகிற சத்தத்துக்கு
அறையே கைதட்டும்.

சூடான கல் வைப்பதும் உண்டு,
கோடையில், க்டினியாவுக்குக் கப்பலில் வந்திறங்கும்
பயணிகளுக்கு.
கல்லுக்கு மந்திரம் எதுவும் தெரியாது.
சூடு தெரியும்.
அவர்கள் தூங்கிவிடுவார்கள்.
கொடுத்த காசுக்கு அதுவே பெரிது.

பிசைவது, நீவுவது, உருவுவது, தட்டுவது:
இருபத்திரண்டு வருடமாக இந்தக் கைகள்
பலத்தை விற்றுப் பிழைத்தவை.

நிணநீருக்கென்று பயிற்சிக்குப் போனபோது
"கையை மற" என்றார்கள்.
சமையலறைத் தராசில் விரலை வைத்து
முப்பது கிராம் தாண்டாமல் பழகினேன்,
பாதி முட்டையின் கனம்.
முள் எழுபதுக்கு ஓடும்.
மறுபடி எடுத்து வைப்பேன்.

ஹால்ஷ்கா வந்தது நவம்பரில்.
கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவள்.
இடது மார்பை எடுத்துவிட்டார்கள்,
அக்குளில் நெறிகட்டும் இடங்களையும் சேர்த்து.
போக வழியில்லாத நீர்
கையிலேயே குடியிருந்தது.
கோட்டுக்குள் நுழையாத அந்தக் கையை
யாருடைய பார்சலையோ போல
மேசைமேல் எடுத்து வைத்தாள்.

நான் கழுத்தில் தொடங்கினேன்.
"வீங்கியிருப்பது கை" என்றாள்.
பிறகு வலது அக்குளுக்குப் போனேன்.
"போக்னா, உனக்கு இடம் வலம் தெரியுமா?"
தோலை மட்டும் நகர்த்தினேன், தொட்டும் தொடாமலும்.
"அழுத்து. நான் ஒன்றும் கண்ணாடி இல்லை."
"அழுத்தினால் வழி மூடிக்கொள்ளும்.
தோலுக்குச் சற்றுக் கீழேதான் நடக்கிறது இந்த நீர்.
விரட்டினால் நின்றுவிடும்."
"இதற்கா இரண்டு பஸ் மாறி வந்தேன்?"

மூன்றாவது வாரம் சரியான வார்த்தை கிடைத்தது,
எனக்கல்ல, அவளுக்கு.
கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
"முதலில் இறக்குகிற துறையைக் காலி செய்கிறாய்.
அப்புறம்தான் சரக்கை எடுக்கிறாய்."
என் பாடப்புத்தகத்தில்
இது பதினான்கு பக்கம்.

அதன்பின் அவளே உத்தரவு போட்டாள்.
"கழுத்து திறந்தாச்சு. வலது திறந்தாச்சு.
இனிமேல் குறுக்கே."
குறுக்கே போனால் தழும்பு வரும்.
அங்கே உத்தரவு இல்லை.
ஒரே ஒருமுறை சொன்னாள்:
"குளிக்கும்போதுகூட நான் இந்தப் பக்கம் கை வைப்பதில்லை."
நான் பதில் சொல்லவில்லை.
முப்பது கிராம். முப்பது கிராம்.

வீக்கம் படிப்படியாக இறங்கிவிடவில்லை.
யாரிடமும் சொல்லாமல் அலமாரியை நகர்த்திய வாரம்
ஏறிக்கொண்டது.
முழுக்கக் குணமாகும் என்று நான் சொன்னதில்லை.
ஓட்டைப் படகு இது,
இறைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.
கனம் குறையும், தோல் இளகும்,
இரவில் கையைத் தனியாகத் தூங்கவைக்க வேண்டியிராது.
அவ்வளவுதான் என் வாக்குறுதி.

நேற்று நாடா வைத்து அளந்தேன்.
முழங்கைக்கு மேலே முப்பத்தொன்றரை சென்டிமீட்டர்.
"போன வாரத்தைவிட மூன்று மில்லிமீட்டர்தான் குறைவு"
என்றேன், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

ஹால்ஷ்கா எழுந்து உட்கார்ந்தாள்.
"நாற்பது டன் இரும்பை, கடல்காற்று அடிக்கையில்,
மூன்று மில்லிமீட்டர் இடுக்கில் இறக்கியிருக்கிறேன்.
கீழே நின்றவன் எவனும்
'தான்' என்று சொன்னதில்லை."

பிறகு அழுத்த உறையை மாட்டினோம்.
ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, பதினோரு நிமிடம்,
நிறையக் கெட்ட வார்த்தை.
கோட்டின் கைக்குள் அது இன்னும் போகவில்லை.
தோளில் போர்த்திக்கொண்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.