தண்ணிப் பொலிஸ்

காலை நாலரைக்கு என் கையில் படும் முதல் பால்
மாட்டினுடையதல்ல.

இரவு முழுக்க சில்வர்ச் சட்டியில்
ஊறிக் கிடந்த கஜு
பல் முளைக்காத முரசுபோல்
மெத்தென்று வழுக்குகிறது.
முழுக் கஜு இல்லை, உடைசல்.
புணானை றோட்டோரம் பையில் கட்டி விற்றவள்
"அரைபடப் போறதுக்கு அழகு எதுக்கு?" என்றாள்.
அதுவும் சரிதான்.

ஊறின தண்ணியை ஊற்றி,
இரண்டு தரம் அலசி,
ஒரு பிடிக்கு மூன்று தம்ளர்.
கிரைண்டர் சத்தத்தில்
பக்கத்து வளவு நாய் எழும்பும்.
கேதுஷி எழும்பமாட்டாள்.

அந்த உறக்கம் எங்கள் வீட்டுக்குப் புதுசு.
கழுத்தில், முழங்கை மடிப்பில்
தடித்துத் தடித்துச் சிவந்து
அவள் சொறிய, நாங்கள் விசிறி மட்டையால் விசிற
விடிந்த ராத்திரிகள் எத்தனை.
போதனா வைத்தியசாலையில்
பேனையை மூடிக்கொண்டே டொக்டர் சொன்னார்:
பசுப்பால் கூடாது. பால்மா கூடாது. தயிரும்.
சுகிர்தா என்னைப் பார்த்தாள்.
நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.
காலையில் சிந்திய பால்
அதில் வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.

"அப்பாவுக்கு என்ன வேலை?"

சித்தாண்டிப் பால் சேகரிப்பு நிலையம்.
பதினோரு வருடம்.
மோட்டார் சைக்கிளில்
கான் கானாய் வரும் பாலில்
லக்ரோமீற்றரை மிதக்கவிட்டு
கோட்டைப் படிப்பவன்.
இருபத்தெட்டுக்குத் தலையாட்டுவேன்.
இருபத்தாறுக்கு ஆளின் முகம் பார்ப்பேன்.
இருபத்துநாலென்றால் கான் வந்த வழியே போகும்.
எனக்கு ஊர் வைத்த பெயர்
தண்ணிப் பொலிஸ்.

அந்தத் தண்ணிப் பொலிஸ்தான்
விடியக் கருக்கலில் குசினி லைட்டின் கீழ்
ஒரு தம்ளர், இன்னொரு தம்ளர் என்று
கூசாமல் தண்ணீர் சேர்க்கிறான்.

தேங்காய்ப்பால் வடியால் வடித்த முதல் நாள்
திப்பி தொண்டையில் நின்று பிள்ளை இருமினாள்.
பிறகுதான் நிலையம் தந்த வெள்ளைக் கோட்டின்
ஒரு கையைத் தோளோடு வெட்டி,
அவித்துக் காயவைத்து,
மணிக்கட்டுப் பக்கம் முடிச்சுப் போட்டேன்.
அதற்குள் ஊற்றி முறுக்கினால்
ஆளில்லாத ஒரு கை
பால் சொட்டுகிறது.
முதலில் வேகமாய். பிறகு
கெஞ்சினால் மட்டும்.
மிஞ்சின சக்கை சுகிர்தாவின் ரொட்டிக்குப் போகும்.
எறியக்கூடிய விலையிலா இருக்கிறது கஜு?

ஒரு நாள்
வேலை இடத்துக் கண்ணாடியை
சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
களவுதான். ஒரு ராத்திரிக் களவு.
விடிய, கஜுப்பாலை உயரப் போத்தலில் ஊற்றி
அதை இறக்கினேன்.
தாழ்ந்தது.
இருபது தாண்டி, பத்துத் தாண்டி,
கழுத்தளவு தாழ்ந்து நின்றது.
என் கொப்பியில் இந்த இலக்கத்துக்கு
எழுத இடமே இல்லை.

கேதுஷி கோப்பையைக் கவிழ்த்துக் குடித்தாள்.
மேலுதட்டில் வெள்ளை மீசை.
"இன்னும்" என்றாள்.
அவளிடம் எந்தக் கோடும் இல்லை.

அன்று எட்டு மணிக்கு
மாதவணைப் பக்கமிருந்து நல்லரெத்தினம் அண்ணன்.
இருபத்துநாலு.
"மழைக்காலம் தம்பி,
மாடு தண்ணி கூடக் குடிக்குது" என்று தொடங்கினார்.
பதினோரு வருடமாய்க் கேட்கும் கேள்வி
வாய்க்குள் வந்து, எப்படியோ மாறி,
"எத்தனை தம்ளர்?" என்று விழுந்தது.

"தம்ளரா? ரெண்டு போத்தல்..."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.

கானைத் திருப்பித்தான் விட்டேன்.
அவர் கோபிக்கவில்லை.
றப்பர் பட்டியைக் கொழுவி இறுக்கிக்கொண்டே
மெல்லக் கேட்டார்:

"நீங்க ஊட்ட எத்தனை?"

என் விரலிடுக்கில் இன்னும் கஜு மணம்.

"மூணு" என்றேன்.