உலராத தெரு

முதலில் தெருக்கள் வந்தன.
காகிதத்தில்.
கப்பல் மேசையில், விளக்கு ஆடிக்கொண்டிருக்க,
பொறியாளர் ஃபெரோல் அளவுகோல் வைத்து இழுத்தார்:
கிழமேலாக ஏழு, தென்வடலாக ஒன்பது.
நான்காம் தெருவின் பாதி வரை நண்டுகள் குடியிருந்தன,
மீதிப் பாதியில் குன்று உட்கார்ந்திருந்தது.
ஆறாம் தெருவில் இடுப்பளவு சேறு.
ஏழாவது, கடல் உள்வாங்கும்போது மட்டும் தெரு.

நல்ல ஆழம், காற்றுக்கு மறைவு,
பீரங்கிக்கு ஏற்ற குன்று.
இதற்குமேல் ஒரு துறைமுகத்துக்கு என்ன வேண்டும்?
பிரான்சுக்குப் போன முதல் கடிதத்தில்
தண்ணீர் என்ற சொல் இரண்டு முறை வருகிறது.
இரண்டும் கடல் தண்ணீர்.

அதனால் ஊர் அண்ணாந்து பார்த்தபடியே வளர்ந்தது.
கூரைக்கொரு தகரவாய், வாய்க்கொரு பீப்பாய்.
மழை பொய்த்த மாதங்களில்
சார்ஜன்ட் மனைவி லெயொகாடி வாளி நாலு காசுக்கு விற்றாள்.
செப்டம்பரில் எட்டு.
நவம்பரில் விலை சொல்வதில்லை, முகத்தைப் பார்ப்பாள்.
மூன்று வேளையும் உப்புக்கண்டம் தின்கிற ஊர்.
குடித்துத்தானே ஆக வேண்டும்.
புழு நெளிந்தால் சட்டை நுனியில் வடிகட்டிக்கொள்,
அதற்குக் காசில்லை என்பாள்.

காப்போ மட்டும் அவளிடம் வாங்கியதில்லை.
ஆளுநர் மாளிகைத் துணிகளைத் துவைப்பவள்.
அந்த நவம்பரிலும் மேசைவிரிப்பு
உப்பு பூக்காமல் மடிந்து வந்தது.
எங்கே அலசுகிறாய்?
கையை நீட்டினாள். வடக்கே.
இன்னொரு நாள் தெற்கே.
பின்தொடர்ந்துபோன சிப்பாய்கள் இருவர்
இருட்டியபின் சதுப்பிலிருந்து
காலணி இல்லாமல் திரும்பினார்கள்.
வள்ளிக்கிழங்குப் பாத்திகளோடு
அவள் ஆட்களின் குடிசைகளை எரித்தபோது
அதே காலணிகள்தான் போட்டிருந்தார்கள்.

பிறகு கைதிகள், கப்பல் கப்பலாக.
பாரிஸ் பூட்டுத் திருடன்,
மாமனாரின் வைக்கோற்போரைக் கொளுத்தியவன்,
ஏன் வந்தோம் என்று கடைசிவரை புரியாத ஒருவன்.
சதுப்பைத் தூர்க்க மண் வேண்டும்.
குன்றுதான் இருக்கிறதே என்றார் ஃபெரோல்.
மலையைக் கெல்லி எலி பிடித்தவர்களை நமக்குத் தெரியும்.
இவர்கள் மலையைக் கெல்லித் தெரு பிடித்தார்கள்.
கூடை, தள்ளுவண்டி, சங்கிலி.
பீரங்கி மூன்று முறை இடம் மாறி
கடைசியில் தரைக்கு வந்து
தன்னைவிட உயரமான மதுக்கடையைப் பார்த்து நின்றது.

எர்வே கெரூ மண்வெட்டியை ஓங்கியவன் நிறுத்தினான்.
பாறை இடுக்கில் மண் கறுத்திருந்தது.
விரலால் தொட்டு நக்கினான்.
உப்பில்லை.
ஒரு கல்லை எடுத்து மூடினான்.
மூன்று நாள் அவன் மட்டும் குடித்தான்.
மூன்றாம் நாள் விடியலில், துணிமூட்டையோடு
அவள் எதிரே நின்றாள்.
அவன் சங்கிலியை அவள் பார்த்தாள்.
அவள் மூட்டையை அவன் பார்த்தான்.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

காட்டிக்கொடுத்தது அவன் முழங்கால்.
வறண்ட ஊரில் இரண்டு ஈர வட்டங்கள்.

ஃபெரோல் வந்தார், குனிந்தார், அளந்தார்.
ஊற்று நான்காம் தெருவின் நட்டநடுவில்,
மட்டத்துக்கு இரண்டு முழம் மேலே.
தெருவை வளைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.
தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும்
இரும்புக் குழாய்களுக்குப் பணம் கட்டியாகிவிட்டது,
நடுக்கடலில் வந்துகொண்டிருக்கின்றன, என்றார் அவர்.
அன்று மாலைக்குள் பாறையை வெட்டிச் சமன்செய்து
நாற்பது வண்டி சரளை கொட்டினார்கள்.
கெரூவுக்குப் பதினைந்து நாள் இருட்டறை,
அரசின் தண்ணீரை அரசுக்குச் சொல்லாமல் குடித்ததற்கு.

குழாய்கள் வர இன்னும் நான்கு கோடை.
அதற்குள் நான்காம் தெரு ரொட்டிக்கடைக்காரர்
பதினோரு புகார் எழுதிவிட்டார்:
வாசலில் எப்போதும் ஈரம், குதிரை வழுக்குகிறது,
நேற்று மேடம் லெயொகாடிக்கு மணிக்கட்டு முறிந்தது.
ஓரத்தில் ஃபெரோலின் சிறிய, நேரான கையெழுத்து:
கசிவு. காரணம் தெரியவில்லை.

மத்தியானங்களில் அந்த இடத்தில்
நாய்கள் படுத்துக்கிடக்கும்.
சுமையோடு கடப்பவள் அவற்றை விரட்டமாட்டாள்,
கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்வரை
வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பாள்.