வழித்தடம் பதினேழு

அந்த வருஷம் என் மஞ்சள் பேருந்தில்
ஒரு பிள்ளையும் ஏறவில்லை.
ஆனாலும் காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தேன்.
நாற்பத்தெட்டு இருக்கைகளும் காலி.
கூரையில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி
பச்சையாய்க் கண் சிமிட்டிக்கொண்டே வந்தது.
இனி இதுதான் பள்ளிக்கூடம்,
பத்திரமாகக் கொண்டுபோ என்றார்கள் பணிமனையில்.

நியூ மெக்சிகோவின் செம்மண் பாதை.
மழை பெய்தால் சக்கரத்தை விடாது.
எங்கள் நவஹோ வீடுகள் ஒன்றுக்கொன்று
கூப்பிட்டால் கேட்காத தொலைவு.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன்.
முன்பெல்லாம் ஒன்றேகால் நிமிஷத்துக்கே
ஹாரன் அடிப்பவள் நான்.

தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்தியதும்
பிக்கப் வண்டிகள் வந்து
மடி முட்டும் குட்டிகளாய்ச் சுற்றி நிற்கும்.
எட்சிட்டி வீட்டு மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே மடிக்கணினி.
ஷைலின் பின்னக் கணக்குப் போட,
தம்பிகள் டயர் நிழலில் முறைக்குக் காத்திருப்பார்கள்.
கைரன் குதிரையில் வருவான்.
குதிரை நாலடி விலகிப் புல் மேய்ந்தால்
அவன் டீச்சர் திரையில் உறைந்துபோவாள்,
திறந்த வாயில் பாதி வார்த்தையோடு.

பதினோரு வருஷமாய்ப் பிள்ளைகளை
வாசல்வரை கொண்டுவிட்டவள் நான்.
உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்டதில்லை.
இப்போது ஜன்னல் வழியே எனக்கும் கேட்டது:
மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால்
ஏழில் இரண்டு இல்லையாம்.
பன்னிரண்டில் ஏழாம்.
ஸ்டியரிங்கில் விரலால் எழுதிப் பார்த்தேன்.
அட, சரிதான்.

டிசம்பரில் பனி.
எஞ்சினை அணைத்தால் கருவியும் அணைந்துவிடும்,
அதனால் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது,
எனக்கும் காலி இருக்கைகளுக்கும்.
பிள்ளைகளை உள்ளே ஏற்றக் கூடாது, உத்தரவு.
வெளியே ஷைலின்,
கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டு
தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.
ஒருநாள் கதவைத் திறந்துவைத்தேன்.
ஏறச் சொல்லவில்லை.
திறந்தேன், அவ்வளவுதான்.
வெப்பம் தானாகப் படியிறங்கிப் போனது.

ஜனவரியில் கைரன் வரவில்லை.
அவன் அப்பாவை ஹெலிகாப்டரில்
ஆல்புகெர்க்கிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.
ஆடுகளைப் பார்க்க வேறு ஆளில்லை.
நான் முழு ஒன்றேகால் மணி நேரமும் நின்றேன்.
பச்சை விளக்கு
வேலிக் கம்பியைப் பார்த்துச் சிமிட்டியது.

பள்ளி திறந்தது.
முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் ஏறின.
கால்கள் நீண்டு, முன் இருக்கையில் முழங்கால் இடித்தது.
அந்த வாரமே ஒருவர் திருகாணி முடுக்கியோடு வந்து
கருவியைக் கழற்றினார்.
ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம்.
தொற்று தீர்ந்ததும்
தூரமும் தீர்ந்துவிட்டதென்று நினைத்தார்கள்போல.
கூரையில் இரண்டு ஓட்டைகள் மிச்சம்.
வீட்டுப்பாடம் இன்னும் கணினியில்தான்.
சாயங்காலம் இறங்கும்போது ஷைலின்
ஒருகணம் அண்ணாந்து பார்க்கிறாள்,
பிறகு இறங்கிப் போகிறாள்.

ஐந்தாம் நிறுத்தத்தில் ஏற யாருமில்லை.
பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.
நான் வண்டியை ஓரம்கட்டி
சிவப்புப் பலகையை நீட்டுகிறேன்.
கைரனுக்குப் பதினாறு வயது நடக்கிறது.
மேட்டுக்கு அப்பால் ஆட்டு மணி கேட்கிறது,
கேட்காமலும் போகிறது.
எதிரே வந்த வைக்கோல் லாரி
சட்டப்படி நிற்கிறது,
யாருக்காக என்று தெரியாமல்.