நாலு புள்ளி

ஊராட்சி ஆபீஸ் பின்சுவரில்
ஏழு வருஷமாகத் தொங்குகிறது கருப்புச் சுருள்.
அதற்குள் ஓர் ஓணான் குடியிருக்கிறது.
பதிவேட்டின்படி
எங்களூர் இணைக்கப்பட்ட ஊர்.

கல்லல் சாலையில்
குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி
மூன்று இடத்தில் அதை அறுத்துப்போட்டது.
யாரும் கவனிக்கவில்லை.
ஒருநாளும் வராத ஒன்று
நின்றுபோனதை எப்படிக் கவனிப்பது?

நான் சேவுகமூர்த்தி, கேபிள் டிவிக்காரன்.
முன்பு நூற்றுப்பத்து வீடு வைத்திருந்தேன்.
இப்போது பதினாறு,
அதில் ஐந்து பாக்கி.

காரைக்குடியிலிருந்து வந்த கம்பெனிக்காரர்
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
முப்பது இணைப்புக்கு முன்பணம் கட்டுங்க,
புதுக் கம்பி பற்றிப் பேசலாம்.
இழுக்கலாம் என்று சொல்லவில்லை,
பேசலாம் என்றுதான் சொன்னார்.

முதல் கையெழுத்து ஆதீனமிளகி.
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு
பில் அடிக்கிற வேலை அவளுக்கு.
ராத்திரி பதினோரு மணிக்கு
பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்,
அங்கேதான் ரெண்டு கோடு சிக்னல்.
மழை வந்தால் லேப்டாப்புக்குத்தான் குடை.
யாருக்கோ பித்தப்பைக் கல் எடுத்த கணக்கு
எங்களூர்த் தவளைச் சத்தத்தில் சரிபார்க்கப்படுகிறது.

இரண்டாவது, ரேஷன் கடை டேனியல்.
ரேகை வைக்கிற மெஷினை
ரெண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கிக் காட்டுவார்.
அரிசி வாங்க வந்தவர்கள்
அண்ணாந்து பார்ப்பார்கள்.

இப்படி இருபத்தாறு.

அதற்குமேல் ஊரில் ஆளில்லை,
வீடுதான் இருக்கிறது.
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்,
நடுவில் நாற்பத்தொரு பூட்டு.
ஒரு வீட்டைச் சுற்றிக் கம்பி கொண்டுபோக
முந்நூறு மீட்டர் என்று
காலால் அளந்து வைத்திருக்கிறேன்.

ஈப்போவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்,
பஸ் நிறுத்தத்து பெஞ்சில் ஏறி நின்று.
மெய்யம்மை ஆச்சி எடுத்தார்.
"வளவுத் தூணையே கழட்டிக்கிட்டுப் போறானுகளாமே,
இங்கன இருந்து வீட்டைப் பாக்கலாமா?"
கேமரா போட்டால் பார்க்கலாம் என்றேன்.
குரல் விட்டு விட்டு வந்தது.
"அந்த வீட்டுல எங்களுக்கு நாலு புள்ளி.
நாலையும் எழுதிக்கங்க."

எழுதினேன்.
வசிப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
சைபர்.
நாலு தடவை சைபர்.
முப்பது ஆகிவிட்டது.

பங்குனி வெயிலில் முகைதீன் வந்தான்,
அறந்தாங்கிப் பையன்.
வேனுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு
முடி மாதிரிக் கண்ணாடி ரெண்டை
முனையோடு முனை வைத்து ஒட்டினான்.
சின்னத் திரையில் எழுத்து வந்தது:
இழப்பு, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
"ஏழு வருஷத்துக்கு இவ்வளவுதானா தம்பி?"
அவனுக்குப் புரியவில்லை.
நல்ல ஜாயிண்ட்டுண்ணே என்றான்.

போகும்முன் பழைய கம்பியிலும்
சும்மா ஒரு தடவை
சிவப்பு விளக்குப் பேனாவைச் செருகிப் பார்த்தான்.
ஒளி ஓடியது.
செம்மண் பள்ளத்தில் அறுந்த வாய் வழியே
ஒரு பொட்டு சிவப்பு.
அவ்வளவு தூரம் அது
வரத்தான் செய்திருக்கிறது.

இப்போது எல்லா வீட்டுச் சுவரிலும்
வெள்ளைப் பெட்டி இருக்கிறது.
பச்சை விளக்கு எரியவில்லை.
காரைக்குடிக்கு ஏதோ கார்டு வரவேண்டுமாம்.
அது மதுரையில் இருக்கிறதாம்,
அல்லது மதுரைக்கு வர இருக்கிறதாம்.

எப்பண்ணே, என்கிறாள் ஆதீனமிளகி,
பெஞ்சிலிருந்து தலை நிமிராமல்.
ஆடி என்று சொல்லியிருந்தேன்,
தை என்று மாற்றிச் சொன்னேன்.
ஈப்போவிலிருந்தும் தினம் ஒரு கேள்விக்குறி வருகிறது,
ராத்திரி அந்த பெஞ்சுக்குப் போனால்தான்
என் போனில் இறங்கும்.

மிச்சக் கம்பியைப் புதுச் சுருளாகச் சுற்றி
பழையதற்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்கள்.
ஓணான் வெளியே வந்து
ரெண்டையும் பார்த்துத் தலையாட்டியது.
இன்னும் வீடு மாறவில்லை.