செப்புத் தகட்டில் தனபாக்கியம்

கொட்டகை பிரித்து
காங்கேசன்துறையில் அவள் கப்பலேறியபோது
முகம் மட்டும்தான் முடிந்திருந்தது.

கன்னாதிட்டிப் பட்டறைக்குள் இருந்து
இவர் கூப்பிட்டார்:
"கையைக் கொஞ்சம் காட்டு."
வீணைக்குப் பதில் மடியில் சுளகு.
மூன்று இரவு
அசையாமல் இருந்தேன்.
உளி நுனியை விட்டு
என் முகத்துக்கு அவர் கண் ஏறேல்லை.

அச்சில் இடம் வலம் மாறுமாம்.
ஒடியற் கிழங்கு கிழிக்கையில்
கத்தி பட்ட என் இடக்கைத் தழும்பு
கலைமகளின் வலக்கையில் கிடக்கிறது.

சலூனிலும் சோடாக்கடைச் சுவரிலும்
ஊர் அவள் கண்ணைப் பார்த்துப்
பெருமூச்சு விடுகிறது.
அவளுக்கு வீணை தெரியாதாம்.
எனக்கும்தான்.

சந்தைக்குப் போகும்போது
சுவருக்கு எதிரே நின்று
விரலை மடக்கி
மெல்ல நீட்டிப் பார்ப்பேன்.

கீரைக்காரி கேட்கிறாள்:
"என்ன பிள்ளை, கை உளையுதோ?"