குடும்பப்பெயர்

முப்பத்தெட்டு டீலர்கள்.
பூச்சிமருந்து கம்பெனியின் வருடாந்திர மாநாடு,
வியட்நாமில், கான் தோ நகரத்தில்,
மூன்று இரவு நான்கு பகல்.
மன்னார்குடி மேலராஜவீதியில்
ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு
அந்த ஹாலுக்கு நாற்காலி எண்ணுகிறேன்.

லியென் அனுப்பிய படத்தில்
மேடைக்குப் பின்னால் கண்ணாடி,
கண்ணாடிக்குப் பின்னால் ஆறு.
பாமணி மாதிரி இல்லை.
தேதி குறித்து யாரும் திறந்துவிட வேண்டாம் அதை.

வலங்கைமான்காரர் போனில் கேட்கிறார்:
"அங்கேயும் நெல்லுதானாம்மா?
நெல்லைப் பார்க்கவா விசா?"
கோட்டூர்க்காரருக்கு ராத்திரி தயிர்.
நீடாமங்கலத்தாருக்கு ஜன்னல் சீட்,
விமானத்தில், பஸ்ஸில், முடிந்தால் மாநாட்டிலும்.
பேனரில் எம்.டி. படம் பெரிதா, பாட்டில் படம் பெரிதா என்று
சென்னையிலிருந்து ஒன்பது மெயில்.

எல்லாம் நகர்ந்தது.
ஹோட்டலின் பதிவுப் படிவத்தில்தான் நின்றேன்.
குடும்பப்பெயர் என்றொரு கட்டம்,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நம்மிடம் இருப்பதோ ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்.
ஒவ்வொரு புள்ளியாகத் திறந்து
உள்ளே இருந்தவர்களை வெளியே எடுத்தேன்:
பக்கிரிசாமி. குஞ்சிதபாதம். முகம்மது சுல்தான்.
கழுத்தில் மாட்டும் அட்டையில்
அவர்கள் பெயர்தான் கொட்டை எழுத்தில் வந்தது.
கஜாவுக்கு முந்தின வருஷம் போய்ச்சேர்ந்த
பக்கிரிசாமிக்கு
ஆற்றைப் பார்த்த அறை, காலை உணவு உட்பட.

மாதிரி அட்டைகளை வாட்ஸ்அப்பில் போட்டேன்.
மகன்கள் கும்பிடும் கைகளாக அனுப்பினார்கள்.
உரத்தநாடு தேசிங்கு மட்டும் அழைத்தார்.
"வைரக்கண்ணு என் கழுத்தில தொங்கப்படாது.
ஆறு மா நிலம். ஏழு வருஷமா கோர்ட்டு.
இந்தப் பதினாறாம் தேதிகூட வாய்தா.
வேற எதையாச்சும் போடுங்க."

வேறு எதை?
'வை' என்று மட்டும் அடித்தேன்;
இரண்டு எழுத்தாவது வேண்டும் என்றது படிவம்.
ஊர்ப் பெயர் போட்டால் நீளம் போதவில்லை.
கடை பெயர் போடலாமென்றால்
கடையும் அப்பா பெயரில்.

அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.
லியெனிடம் கதையைச் சொன்னேன்,
மா என்றால் என்ன என்பதோடு.
வெகுநேரம் அவள் டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டி
கடைசியில் ஒரே வரி வந்தது:
"என்னுடையதைப் போட்டுக்கொள்.
இங்கே பாதிப் பேருக்கு நுயென்தான்,
ஒரு ஆள் கூடினால் தெரியாது."

சேமி என்பதை அழுத்தினேன்.
படிவம் ஒரு கேள்வியும் கேட்காமல் நகர்ந்தது.

உரத்தநாட்டிலிருந்து
நுயென் தேசிங்கு வருகிறார்.
தனி அறை.
பதினாறாம் தேதிக்குள் திரும்பிவிட வேண்டுமாம்.