கூடம் கோணல்

எழுத்துக்கு நாலு ஸ்லோட்டி.
இடைவெளிக்குக் காசில்லை.
கடைக் கண்ணாடிகளில் பெயர் எழுதிப் பிழைக்கிறேன்
பிட்டோம் நகரத்தில்.

வியோலெட்டா கோட்சூர் நீட்டிய தாளில்
ஒரு வரி இருந்தது:
‘எல்லா வயதினருக்கும், தேர்ந்த பயிற்சி, நியாயமான கட்டணம்.’
அதே தெருவில் இன்னும் மூன்று நடனப் பள்ளிகள்.
மூன்றுக்கும் எழுதியவன் நான்தான்.
வெட்டிய அச்சுத்தகடு பைக்குள்ளேயே இருந்தது,
‘நியாயமான’ மட்டும் கொஞ்சம் மழுங்கி.

‘அப்படியானால் மலிவாக முடியுமே’ என்றாள்.
முடியும் என்றேன்.
அவளே முகம் சுருங்கி
தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
‘சரி, நீங்களே சொல்லுங்கள்,
அவர்களிடம் இல்லாதது என்னிடம் என்ன இருக்கிறது?’

எனக்கென்ன தெரியும்.
நான் ஆடியது ஒரே ஒரு முறை,
மைத்துனன் கல்யாணத்தில், அதுவும் குடித்துவிட்டு.
வெளியே மழை. ஈரக் கண்ணாடியில் பெயிண்ட் நிற்காது.
உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு வந்தார்கள்.
மருந்துக்கடை போஜேனா,
முழங்காலில் உலோகம் வைத்த ரொமுவால்ட்,
விவாகரத்துக்கு மனுப்போட்டுவிட்டு
செவ்வாய்தோறும் மட்டும் சேர்ந்து வருகிற ஒரு ஜோடி.
வால்ட்ஸ்.
கதவிலிருந்து கணப்பை நோக்கிப் போகும்போது
எல்லோருக்கும் இருபது வயது.
கணப்பிலிருந்து திரும்பும்போது
ஒவ்வொருவராய்
அவரவர் வயதுக்கு வந்து சேர்ந்தார்கள்.

என் சுண்ணக்கட்டி கைதவறி விழுந்தது.
உருண்டது.
நின்றுவிடும் என்று பார்த்தேன்.
ஆடுகிற கால்களுக்கிடையே
ஒருவரும் மிதிக்காமல், ஒருவரும் பார்க்காமல்
கணப்படியில் போய் முட்டி நின்றது.
அங்கே ஏற்கெனவே
ஒரு பொத்தான், இரண்டு மாத்திரை, ஒற்றைத் தோடு.

வியோலெட்டா என் கையைப் பிடித்தாள்.
‘யாரிடமும் சொல்லாதீர்கள்.’
கீழே நிலக்கரி இருந்ததாம். எடுத்துவிட்டார்களாம்.
எடுத்த பிறகு கட்டடம் மெல்லக் கால் மாற்றி நின்றிருக்கிறது:
கதவுக்கும் கணப்புக்கும் பதினோரு சென்டிமீட்டர்.
சமப்படுத்த ஆகும் செலவு
மேசை இழுப்பறையில், உறைக்குள்,
இரண்டு வருடமாகப் பிரித்துப் பிரித்து மடித்ததில்
கிழியும் நிலையில்.

ரொமுவால்ட் காதில் விழுந்துவிட்டது.
‘அந்தக் கரியில் கொஞ்சம் நான் வெட்டியது’ என்றார்,
மன்னிப்பா பெருமையா தெரியாத குரலில்.
ஓப்போலேவுக்குப் போட்டிக்குப் போனார்களாம்.
அங்கே தரை தண்ணீர்போல் மட்டமாம்.
‘உப்பில்லாத கஞ்சி.
ஆனால் நடுவர் ஒருத்தி தாளில் எழுதினாள்:
இந்த ஜோடி நிற்கும்போதும்
எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.’

தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்:
‘இங்கே கூடம் கோணல்.’

சிரிக்கவில்லை அவள்.
‘ஆடத் தெரியாதவர்கள் சொல்லிக்கொள்வது அது.
பதினாறு வருடமாக
என் மாணவர் ஒருவரையும் அதைச் சொல்ல விட்டதில்லை.’
‘அதனால்தான்’ என்றேன்.
பெட்ரோலுக்குப் பத்து ஸ்லோட்டி கொடுத்து
கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரம் கழித்து போன்.
கோபம் ஆறாத குரல்.
‘இன்ஷூரன்ஸ்காரனிடம் நானே சொல்லிவிட்டேன்.
வந்து எழுதுங்கள்.’

ரசமட்டத்தைக் கண்ணாடியில் வைத்தேன்.
குமிழி ஓரத்துக்கு ஓடியது.
இங்கே ஒரு சிக்கல்:
தெருவுக்கு நேராக எழுதினால்
உள்ளே ஆடுகிறவர்களுக்கு வரி சாயும்.
தரையோடு ஒட்டி எழுதினால்
தெருவில் போகிறவர் தலை சாயும்.

கேட்டேன்.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் வெறுங்காலோடு நின்றாள்.
‘தரையோடு.’

எழுத்துக்கு நாலு ஸ்லோட்டி வாங்கினேன்.
சாய்வுக்கு வாங்கவில்லை.
கணப்படியில் என் பழைய சுண்ணக்கட்டியைத் தேடிக் குனிந்தபோது
பொத்தானை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.
தோடு இன்னும் இருந்தது.